பேச்சில்லாமல் ஓர் இயற்பியல் வகுப்பு

தொண்டை போன பிறகு எல்லாரும் என்னிடம் உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். போனது தொண்டை, காது இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் தாம்பரம் மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மாவிலிருந்து எங்கள் சபைப் போதகர் வரைக்கும் என் முகத்துக்கு நேரே வந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, கத்திப் பேசுகிறார்கள். பேச்சு போனால் செவியும் கூடவே போயிருக்கும் என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் திருத்த வேண்டுமானால் நான் வாயைத் திறந்து பேச வேண்டும். அதனால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

குரல்வளையில் வந்த கட்டியைக் குரல்வளையோடு சேர்த்தே எடுத்துவிட்டார்கள். சட்டையின் முதல் பொத்தானுக்கு மேலே கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன் வழியாகத்தான் எனக்கு மூச்சு. தூசி போகாமலிருக்க அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைத் துணி கட்டியிருப்பேன், கைக்குழந்தைக்குக் கட்டுவது மாதிரி. மூக்குக்கும் வாய்க்கும் காற்றோடு இருந்த தொடர்பு அற்றுவிட்டது. சூடான காபியை என்னால் ஊத முடியாது. மனைவிதான் ஆற்றிக் கொடுக்கிறாள். மல்லிகைப்பூ எதிரிலேயே இருந்தாலும் வாசனை தெரியாது. இதையெல்லாம் டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொன்னபோது நான் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், புரிந்துகொள்ளவில்லை.

"சிகரெட் பிடிப்பீங்களா சார்?" என்பதுதான் எல்லாருக்கும் முதல் கேள்வி. வாழ்நாளில் ஒன்றுகூடப் பிடித்ததில்லை. இல்லை என்று தலையாட்டினால் கேட்டவர் முகம் சுருங்கிப்போகும். ஆமாம் என்றிருந்தால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். சபையில் "ஜெபத்துல வச்சிருக்கோம் சார்" என்பார்கள். நன்றிதான். ஆனால் பாடகர் குழுவில் நான் நின்று கீழ்க்குரல் பாடிய இடத்தில் ஒரு இளைஞரை நிறுத்தியபோது யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது வலித்தது. இப்போது மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

பேசுவதற்கு வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். தொண்டைக்குள் ஒரு வால்வு வைத்துப் பார்த்தார்கள். கசிந்தது, சீழ் வைத்தது, எடுத்துவிட்டார்கள். பிறகு ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவில் இருக்கும். கழுத்தில் ஒட்டவைத்து அழுத்தினால் அதிரும். உதட்டையும் நாக்கையும் அசைத்தால் அந்த அதிர்வு சொற்களாக வரும். கதிர்வீச்சு சிகிச்சையில் என் கழுத்து இறுகிப்போனதால் அது வேலை செய்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். தடவித் தேடி வைக்க வேண்டும். வைத்தாலும் ஒரே சுருதி, ஒரே சத்தம். கோபமும் குசலமும் ஒன்றுபோலவே கேட்கும். வீட்டுக்குப் போக ஆட்டோக்காரரிடம் ராஜகீழ்ப்பாக்கம் என்று சொல்லப் போதும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்கு, அதுவும் தலைக்கு மேலே மின்விசிறிகள் கடகடக்கும் வகுப்புக்கு, அது உதவாது.

எனக்கோ வகுப்பு வேண்டியிருந்தது. தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இயற்பியல் முதலாமாண்டுக்கு இயக்கவியலும் ஒலியியலும் நடத்துவது, நான் சேர்ந்த வருடத்திலிருந்தே என் பொறுப்பு. மற்ற ஆசிரியர்கள் மேல் வகுப்புகளைக் கேட்டு வாங்குவார்கள். நான் முதலாமாண்டை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கூடுவாஞ்சேரியிலிருந்தும் மறைமலை நகரிலிருந்தும் காலை ரயிலில் தொங்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் அவர்கள். பள்ளிக்கூடத்தில் நோட்ஸை உருப்போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். அலை என்றால் என்ன என்று கேட்டால் வரையறையை ஒரு கால்புள்ளி பிசகாமல் ஒப்பிப்பார்கள். அலையைப் பார்த்திருக்க மாட்டார்கள். முதன்முதலாகப் பார்க்கும்போது அந்த முகங்களில் வருகிற மாற்றத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் காலையில் எழுந்து குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

விடுப்பு முடிந்து போனபோது துறைத் தலைவர் என்னை உட்காரவைத்துப் பேசினார். என்னைவிட இளையவர், நல்ல பெண்மணி.

"சார், எக்ஸாம் செல்லுல ஒரு இடம் இருக்கு. ஹால் டிக்கெட், மார்க் லிஸ்ட் வேலைதான். உங்களுக்கு ஸ்டிரெயினே இருக்காது. ஏ.சி. ரூம்."

கைபேசியில் எழுதிக் காட்டினேன்: முதலாமாண்டு வேண்டும்.

"எப்படி சார் எடுப்பீங்க?"

காட்டுவேன் என்று எழுதினேன்.

அவர் கொஞ்ச நேரம் மேசையிலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "ஒரு டெமோ கிளாஸ் எடுங்க சார். நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். பிரின்சிபால் கேட்டா, நானே பாத்தேன்னு சொல்ல எனக்கு ஒண்ணு வேணும்ல."

அது நியாயம்தான். ஆனாலும் இத்தனை வருடம் கழித்து, வேலைக்குப் புதிதாக வந்தவனைப் போல டெமோ வகுப்பு எடுக்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. எழுந்து வரும்போது கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினேன். என்னால் இப்போது எழுப்ப முடிந்த சத்தம் அதுதான்.

அந்த வகுப்பு ஒழுங்காகப் போனால் முதலாமாண்டு என்னிடம் இருக்கும், இல்லாவிட்டால் ஏ.சி. அறை. அடுத்த சில வாரங்கள் எனக்கு வேறு நினைப்பில்லை.

ஒலியைக் காதால் கேட்காமல் கண்ணால் காட்டுவது, நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. இசைக்கவை என்கிற இரட்டைமுனை இரும்பைத் தட்டி ஒரு தட்டுத் தண்ணீரில் அதன் நுனியைத் தொட்டால், தண்ணீர் சீறித் தெறிக்கும். அசையாமல் நிற்பதுபோல் தெரிகிற அந்த இரும்பு எவ்வளவு அதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது முன்வரிசைக்காரர்களின் முகம் நனையும்போது புரியும். சுருள்கம்பியை நீள மேசையில் இழுத்துப் பிடித்து ஒரு முனையைத் தள்ளினால், நெருக்கம் ஒன்று சுருளுக்குச் சுருள் தாவி மறுமுனைக்கு ஓடும். நடுவில் ஒரு சுருளில் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் போதும். அலை கடந்து போகும்போது ரிப்பன் முன்னும் பின்னும் ஆடிவிட்டு அங்கேயே நிற்கும். ஒலிபெருக்கிமேல் ஒரு தகட்டைப் பொருத்தி, ரவையைத் தூவி, சுருதியை மெல்ல மெல்லக் கூட்டினால், ரவை தானாக நகர்ந்து கோலம் கோலமாக ஒதுங்கும். இவை எல்லாவற்றையும் இவ்வளவு காலமும் நான் பேச்சுக்கு இடையே தொட்டுக்கொள்ள ஊறுகாய் போல வைத்திருந்தேன். இப்போது இவற்றை வைத்தே முழுச் சாப்பாடும் போட வேண்டும்.

வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. இயற்பியல் என்றால் கையெடுத்துக் கும்பிடுவாள். அதனால் நல்ல மாணவி.

"உப்புமாவுக்கு வச்சிருந்த ரவைங்க அது," என்றாள் முதலில். பிறகு தகட்டில் கோடுகள் விழ ஆரம்பித்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏன் அந்த இடத்துல மட்டும் போய் நிக்குது?" என்று கேட்டாள். அந்த இடம் ஆடாது, மற்ற இடமெல்லாம் ஆடும் என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். என் உதட்டைப் படிக்க அவள் அதற்குள் பழகியிருந்தாள். "ஓ, ஆடாத இடம் பாத்து ஒதுங்கிக்குதா," என்றாள். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

கடைசியாகப் பால் டப்பா. இரண்டு பக்கமும் வெட்டிய டப்பாவின் ஒரு வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டியிருப்பேன். சில்லின்மேல் லேசர் விளக்கைக் காட்டினால் எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். டப்பாவின் மறுவாயில் பேசினால் ரப்பர் அதிரும், புள்ளி கோடாகிச் சுழியாகி நெளியும். என் வகுப்பில் முதல் நாள் வருகைப்பதிவு இதில்தான் எடுப்பேன். ஒவ்வொருவரும் டப்பாவில் "பிரசண்ட் சார்" என்று சொல்லி, தன் குரலைச் சுவரில் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

மனைவி டப்பாவை வாங்கி, கொஞ்சம் கூச்சப்பட்டு, "என்னங்க" என்றாள். சுவரில் ஒரு வளையம் விரிந்து சுருங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் சுவரில் உடைந்து உடைந்து ஓடியது. "இப்ப நீங்க சொல்லுங்க," என்று டப்பாவை என் வாயருகே நீட்டினாள். நீட்டிய பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. டப்பாவை மெல்ல மேசைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சுவரில் புள்ளி அசையாமல் நின்றது. நான் லேசரை அணைத்தேன்.

இயக்கவியலுக்கு என்னிடம் பழைய இரும்புக் குண்டு ஒன்று இருந்தது. தேங்காய் அளவு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பழைய மாணவர் கடைந்து கொண்டுவந்து கொடுத்தது. வகுப்பறைக் கூரையின் கொக்கியிலிருந்து அதைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். ஒருவர் கரும்பலகையில் பின்தலை ஒட்டும்படி நின்று, குண்டைத் தன் முகவாய் வரை இழுத்துப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். அது அறையின் மறுகோடி வரை போய், திரும்பி, நேராக முகத்தை நோக்கி வரும். முகத்தைப் பெயர்த்துவிடும் போலிருக்கும். ஆனால் முகவாய்க்கு ஒரு விரல் முன்னால் நின்று திரும்பிவிடும். புறப்பட்ட உயரத்துக்கு மேல் அதனால் ஏற முடியாது. ஆற்றலைப் பற்றிய அந்த விதியைப் புத்தகத்தில் படித்தவர்கள் நம்புவார்கள். கண்ணை மூடாமல் அந்தக் குண்டின் முன்னால் நின்றவர்கள் மறக்க மாட்டார்கள்.

நிபந்தனை இரண்டுதான். குண்டைத் தள்ளக் கூடாது, விட மட்டும் வேண்டும். பலகையை விட்டு முன்னால் வரக் கூடாது. முன்பெல்லாம் இதை நான் கத்திச் சொல்லி, வகுப்பு முழுவதையும் திருப்பிக் கத்தவைப்பேன். பக்கத்து அறையில் கணக்குப் பாடம் எடுப்பவர்கள் எட்டிப் பார்த்து முறைப்பார்கள். இப்போது அதை இரண்டு பெரிய அட்டைகளில் படமாக வரைந்து, சிவப்பில் குறுக்குக்கோடு போட்டுக்கொண்டேன்.

டெமோ வகுப்பு நாளன்று ஆய்வகப் பணியாளர்தான் ஏணி போட்டு ஏறிக் குண்டை மாட்டினார். கல்லூரியில் எனக்கு அவரை நீண்ட காலமாகத் தெரியும்.

"கொக்கி நல்லா ஸ்ட்ராங்கா கீது சார். நானே தொங்கிப் பாத்துட்டேன்," என்றார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா சார், பேசாமயே கிளாஸா? பசங்க பேஜார் பண்ணாதுங்களா?" என்று கேட்டார். என்னிடம் உரக்கப் பேசாத சிலரில் அவர் ஒருவர். தெரியவில்லை என்று கையை விரித்தேன். "சரி, நான் கதவாண்டயே நிக்கறேன்," என்றார்.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். என் கழுத்துத் துணியைப் பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் துறைத் தலைவர். கரும்பலகையில் "வணக்கம். இன்று நான் பேசமாட்டேன். நீங்கள் பேசலாம்" என்று எழுதினேன். யாரும் பேசவில்லை. இசைக்கவையைக் கையில் எடுத்தேன்.

இசைக்கவையின் தண்ணீர் முன்வரிசையில் தெறித்ததும் ஒரு பெண் "ஐயோ" என்றாள், நாலு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வகுப்பு தானாகவே நகர ஆரம்பித்தது. சுருள்கம்பியை மேசையில் நீட்டினேன். ஒருமுறை தள்ளினேன், இன்னொருமுறை தள்ளினேன். ஒன்றும் விளக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். நடு வரிசையிலிருந்து ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "டேய், அந்த ரிப்பன் அங்கயே இருக்கு பாரு. அலை மட்டும்தான் போகுது," என்றான். வருடா வருடம் நான் சொல்லி எழுதவைக்கும் வாக்கியம் அது. அவன் வாயிலிருந்து தானாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் பக்கத்து விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே பறந்தது. இத்தனை வருடமும் அந்தச் சத்தம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். அன்று நிறுத்தத் தேவையிருக்கவில்லை. நான் பாட்டுக்கு ரவையைத் தூவிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் துறைத் தலைவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது தெரிந்தது. வகுப்பு கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு குண்டு. அட்டைகள் இரண்டையும் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் நானே பலகையில் சாய்ந்து நின்றேன். குண்டு போய் வந்தது. நான் கண் இமைக்கவில்லை. கைதட்டினார்கள். அடுத்து யார் என்று கையால் கேட்டதும் பெருங்களத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு ஒல்லியான பெண் எழுந்து வந்தாள். அவளுடைய தோழி முன்வரிசையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாரானாள்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். தலையைப் பலகையில் ஒட்டினாள். குண்டை முகவாய்க்கு இழுத்தாள். தள்ளவில்லை, விட்டாள். குண்டு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று விரலால் காட்ட நான் அறையின் எதிர்க்கோடியில் நின்றுகொண்டிருந்தேன். அது என் பக்கம் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்பியது. அப்போது தோழி, "இங்க பாருடி," என்றாள். இவள் அந்தப் பக்கம் திரும்பினாள். சிரித்தாள். படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று பலகையை விட்டு அரை எட்டு முன்னால் வந்தாள். குண்டை அவள் மறந்தே போயிருந்தாள்.

நான் கத்தினேன்.

கத்துவதற்கு வேண்டியதெல்லாம் என் உடம்பில் நடந்தது. வயிறு இறுகியது, நெஞ்சு நிறைந்தது, வாய் முழுக்கத் திறந்தது. உள்ளே இருந்த காற்று அத்தனையும் கழுத்துத் துளை வழியாக வெளியேறி அந்த வெள்ளைத் துணியைத் தூக்கி அடித்தது. சத்தம் இல்லை. கருவி மேசைமேல் கிடந்தது. அது கையில் இருந்திருந்தாலும் இடம் தேடி ஒட்டி ஒரு சொல் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஓடினேன். குண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"ம்மா, பின்னால போ," என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது. பணியாளர்தான். அவள் திடுக்கிட்டுப் பலகையோடு ஒட்டிக்கொண்டாள். குண்டு அவள் முகத்துக்கு முன்னால் வந்து, நின்று, திரும்பியது.

வகுப்பு விசிலடித்துக் கைதட்டியது. அந்தக் குரலும் நாடகத்தில் ஒரு பகுதி என்றே எல்லாரும் நினைத்துவிட்டார்கள். துறைத் தலைவரும் கைதட்டினார். அந்தப் பெண் தோழியிடம் போய், "வீடியோ வந்துச்சாடி?" என்று கேட்டாள். நான் குண்டை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினேன். இன்னும் நாலைந்து பேர் கையைத் தூக்கினார்கள். போதும் என்று தலையசைத்துக் குண்டை ஓரமாகக் கட்டினேன். ஏமாற்றத்தில் "ஓ" என்று இழுத்தார்கள். பணியாளர் மட்டும் கதவருகே சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

துறைத் தலைவரின் அறைக்குப் போனபோது அவர் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"சூப்பர் சார். நான் இவ்வளவு எதிர்பார்க்கவே இல்ல. எனக்கே அந்த ரிப்பன் இன்னிக்குத்தான் புரிஞ்ச மாதிரி இருக்கு. டைம்டேபிள்ல உங்க பேர போட்டுடறேன்."

வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன்.

"ஏன் சார்?"

கூப்பிட முடியவில்லை என்று எழுதினேன். அவருக்குப் புரியவில்லை. அந்தப் பெண் முன்னால் வந்தாள், கத்தினேன், குரல் வரவில்லை என்று எழுதினேன்.

"ஒண்ணும் ஆகலையே சார். அதுக்குத்தான் அவர் இருக்காரே. ஒவ்வொரு கிளாஸுக்கும் அவர கூட நிக்கச் சொல்லலாம். இல்லன்னா அந்தக் குண்டு மட்டும் வேணாம், விட்டுடுங்க. மத்ததெல்லாம் எவ்வளவு அழகா இருந்துது."

அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியும். குண்டு இல்லையென்றால் சுழல்நாற்காலி இருக்கும், சூடான தகடு இருக்கும், பிளக்கில் ஈரக்கை இருக்கும். இவ்வளவு வருடத்தில் ஒரு பாடவேளைக்கு எத்தனை முறை "ஏய்" என்று சொல்லியிருப்பேன். அதைப் பாடத்தில் சேர்த்தியாக நான் நினைத்ததே இல்லை. இரைச்சலோடு இரைச்சலாக அதையும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். அலையைக் காட்டலாம், அதிர்வைக் காட்டலாம், ஆற்றலைக்கூடக் காட்டலாம். எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான். வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திருப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. இதை அவருக்கு எழுதிக் காட்டக் கைபேசித் திரை போதாது. எக்ஸாம் செல் என்று மட்டும் எழுதினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வற்புறுத்தவில்லை.

தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மனைவி வாசல் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் பாதி நாள் விடுப்பு எடுத்துச் சேமியா பாயசம் வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

தருகிறேன் என்றார்கள் என்று உதட்டை அசைத்தேன். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று முணுமுணுத்துக்கொண்டே பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினாள். நான் அவள் கையைத் தொட்டு நிறுத்தி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

"பாயசமா?"

வகுப்பு என்றேன்.

முதலில் கோபப்பட்டாள். "பைத்தியமா உங்களுக்கு? எத்தன நாளா கூடத்துல காலு வைக்க இடமில்லாம ரவையும் கம்பியுமா பரப்பி வச்சீங்க. அவங்களே தரேன்னு சொல்லும்போது வேணாம்னு சொல்ல நீங்க யாரு?" அவள் அப்படிக் கோபப்பட்டு நான் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். நடந்ததைச் சொன்னேன். குண்டு, கைபேசி, அரை எட்டு, என் வாய் திறந்தது. சொல்லச் சொல்ல அவள் என் உதட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்ங்க," என்றாள் கடைசியில்.

என்ன தெரியும் என்றேன்.

"நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த கொஞ்ச நாள்லேர்ந்து ரோட்டுல நான் உங்களுக்கு முன்னாடி நடக்கறதே இல்ல."

என் மனைவி வேகமாக நடப்பவள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கடைத்தெருவுக்குப் போனாலும் சபைக்குப் போனாலும் அவள் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருப்பாள். நான் பின்னாலிருந்து "வண்டி வருது பாரு, ஓரமா போ" என்று கத்திக்கொண்டே போவேன். அதற்கு அவள் சலித்துக்கொள்வாள். இந்த ஒரு வருடமாக அவள் என் பக்கத்திலேயே நடந்து வந்தாள். வேளச்சேரி ரோட்டைக் கடக்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள். நோயாளியான என்மேல் வைத்த பாசத்தில்தான் நடையைக் குறைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இந்த வியாதியால் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் என்று அதை மனதுக்குள் வைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஜங்ஷன்ல ஒரு நாள் தண்ணி லாரி எனக்குப் பின்னாலயே வந்துடுச்சு," என்றாள். "நான் தப்பிச்சு ஓரமா வந்து திரும்பிப் பாத்தா, நீங்க அங்க நின்னு வாயத் தொறந்துகிட்டிருந்தீங்க. அன்னிலேர்ந்துதான்."

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. அவள் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"பாயசம் ஆறிடுச்சு. சூடு பண்ணிக் கொண்டாரேன்," என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.